லூயிஸ் புரூக்ஸின் சினிமா வாழ்க்கையை முடித்தது அவருடைய குரலா?

கேள்வி இதுதான்: மௌனப் பட நடிகை லூயிஸ் புரூக்ஸ் யார், பேசும் படம் வந்ததும் குரல் சரியில்லை என்பதால்தான் அவர் காணாமல் போனாரா? நேரடியாகச் சொன்னால், இல்லை. அவர் குரலில் எந்தக் கோளாறும் கிடையாது. சம்பளத் தகராறில் ஸ்டூடியோவை விட்டு வெளியேறினார். பிறகு கூப்பிட்டபோது, வந்து டப்பிங் பேச முடியாது என்று மறுத்தார். அந்தக் கோபத்தில் ஸ்டூடியோ பரப்பிவிட்டதுதான் இந்தக் குரல் கதை. நூறு வருடம் ஆகப்போகிறது, இன்னமும் சினிமாக் கட்டுரைகளில் அதே கதை வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் நடந்தது என்ன என்று அந்த அம்மாளே பிற்காலத்தில் உட்கார்ந்து விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1906 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் செரிவேல் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். அம்மா மைரா நன்றாகப் பியானோ வாசிப்பார், நிறையப் படிப்பார். பிள்ளைகளைத் தூக்கிச் சீராட்டுவதில் மட்டும் அவருக்கு நாட்டமில்லை. அதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லவும் செய்தார். வீட்டில் பாட்டும் புத்தகமும் இருந்தன, அரவணைப்பு குறைவு. ஒன்பது வயதில் பக்கத்து வீட்டு ஆள் ஒருவரால் லூயிஸ் பாலியல் கொடுமைக்கு ஆளானார். பல வருடம் கழித்து அம்மாவிடம் சொன்னபோது, நீதான் இடம் கொடுத்திருப்பாய் என்பதுபோல் பதில் வந்தது. வயதான காலத்தில் அவரே இதைச் சொன்னார். யார் அதட்டினாலும் சட்டென்று எழுந்து போய்விடும் அவருடைய சுபாவத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவருடைய உண்மையான படிப்பு நடனம். 1922இல், 15 வயதில், நியூயார்க் போய் டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்தார். ரூத் செயின்ட் டெனிஸும் அவர் கணவர் டெட் ஷானும் நடத்திய குழு அது. அமெரிக்க நவீன நடனத்தின் தாய் என்று பின்னால் பெயரெடுத்த மார்த்தா கிரஹாம் அப்போது அதே குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். மார்த்தா ஆடுவதைப் பார்த்து நடிக்கக் கற்றேன், சாப்ளின் நடிப்பதைப் பார்த்து ஆடக் கற்றேன் என்று லூயிஸ் பிற்காலத்தில் சொன்னார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அவர் படங்களைப் பார்த்தால் பல விஷயம் பிடிபடும். அவர் முகத்தால் மட்டும் நடிப்பவர் அல்ல. கழுத்து, தோள், முதுகு எல்லாம் பேசும்.

1924இல் ரூத் செயின்ட் டெனிஸ் அவரை எல்லார் முன்னிலையிலும் குழுவை விட்டு நீக்கினார். வாழ்க்கையை யாராவது வெள்ளித் தட்டில் வைத்து நீட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய் என்பது குற்றச்சாட்டு. 17 வயதுப் பெண்ணுக்கு அது ஆறாத வடு. அப்புறம் பிராட்வே, கொஞ்ச காலம் லண்டன், திரும்பி வந்து ஜீக்ஃபெல்டு ஃபாலீஸ் என்ற பெரிய ஆடல்பாடல் நிகழ்ச்சியின் மேடை. அங்கே பார்த்துத்தான் பாரமவுண்ட் நிறுவனம் 1925இல் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. அந்தக் கோடையில் சாப்ளினோடு இரண்டு மாதம் நெருங்கிப் பழகினார். 1926இல் இயக்குநர் எடி சதர்லேண்டைக் கல்யாணம் செய்து, 1928இல் பிரிந்தார். கிசுகிசு எழுதுபவர்கள் இதிலேயே நின்றுவிடுவார்கள். நாம் தாண்டிப் போகலாம்.

பாரமவுண்டில் முதலில் வந்தவை பெரும்பாலும் இலேசான நகைச்சுவைப் படங்கள். காதோரம் வெட்டி, நெற்றியை மூடிய அந்தக் கருகரு பாப் கட் தலைமுடி பத்திரிகைகளில் பரவியது. ஆனால் நடிகையாக அவரை நிறுத்தியவை 1928இல் வந்த இரண்டு படங்கள். ஒன்று ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'எ கேர்ள் இன் எவ்ரி போர்ட்'. இன்னொன்று வில்லியம் வெல்மன் எடுத்த 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'. இரண்டாவதில், தன்னிடம் தவறாக நடக்க வந்த வளர்ப்புத் தந்தையைச் சுட்டுவிட்டு, ஆண் வேடம் போட்டுக்கொண்டு சரக்கு ரயிலில் தொற்றி ஓடும் பெண்ணாக வருகிறார். தொப்பியை இறக்கிவிட்டு, பையன் மாதிரி நடக்கப் பழகும் அந்தப் பெண்ணிடம் அலங்காரம் என்று எதுவும் இல்லை. நடிப்பும் அப்படியே, துளி மிகை கிடையாது. அமெரிக்காவில் அவர் செய்தவற்றில் இதுதான் சிறந்தது என்பது என் முடிவு.

இனி சம்பள விவகாரம். 1927 அக்டோபரில் வார்னர் நிறுவனத்தின் பேசும் படமான 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. ஒரே வருடத்தில் ஹாலிவுட் முழுக்க ஒலிக்கு மாறத் தொடங்கியது. அந்தக் கால நடிகர் ஒப்பந்தங்களில் ஒரு குறிப்பிட்ட கட்டம் தாண்டினால் சம்பளம் ஏறும் என்று இருக்கும். ஏற்றாமல் இருக்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். ஒலி அந்தச் சாக்கைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது. உன் குரல் எடுபடுமா என்று யாருக்குத் தெரியும், பழைய சம்பளத்துக்கு இரு, இல்லாவிட்டால் போ என்று சொல்ல முடிந்தது. பெரிய பெரிய நட்சத்திரங்களே இதற்குப் பயந்து தலையாட்டினார்கள்.

1928இல் லூயிஸின் முறை வந்தது. பாரமவுண்டின் ஹாலிவுட் ஸ்டூடியோவை நடத்திய பி. பி. ஷுல்பெர்க் கூப்பிட்டு, சம்பள உயர்வு கிடையாது, இப்போது வாங்கும் வாரம் 750 டாலருக்கே இருக்கலாம், இல்லையென்றால் விலகலாம் என்றார். விலகுகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார் லூயிஸ். ஷுல்பெர்க் இதை எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் இன்னொரு செய்தியும் வெளியே வந்தது: பெர்லினிலிருந்து ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் என்ற இயக்குநர் தன் படத்துக்கு இவரைக் கேட்டுத் தந்தி மேல் தந்தி அனுப்பியிருந்தார். லூயிஸுக்கு அதுவரை அந்தப் பெயரே தெரியாது. சரி, போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

பாப்ஸ்ட் எடுக்கவிருந்தது 'பண்டோராவின் பெட்டி'. ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிராங்க் வெடகிண்டின் இரண்டு நாடகங்களைச் சேர்த்த கதை. லுலு என்ற பெண், அவளைச் சுற்றி ஒவ்வொருவராக அழியும் ஆண்கள், கடைசியில் லண்டன் குளிரில், பெண்களைத் தொடர்ந்து கொன்ற ஜாக் தி ரிப்பர் கையால் அவள் சாவு. இந்த லுலுவுக்காக பாப்ஸ்ட் ஜெர்மனி முழுக்கத் தேடி அலுத்திருந்தார். 'எ கேர்ள் இன் எவ்ரி போர்ட்' படத்தில் லூயிஸைப் பார்த்ததும் தேடல் முடிந்தது. லூயிஸ் வர முடியும் என்ற தந்தி வந்த நேரத்தில் பாப்ஸ்டின் அலுவலகத்தில் அந்த வேடத்துக்காக உட்கார்ந்திருந்தவர், பின்னால் உலக நட்சத்திரமான மார்லீன் டீட்ரிச். ஜெர்மன் பாத்திரத்துக்கு ஒரு அமெரிக்கப் பெண்ணா என்று அங்கே பத்திரிகைகள் கொதித்தன.

படம் தொடங்கும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மீட்டர் கணக்கெடுக்க வந்த வயதான ஆள் ஒருவர் வாசலுக்கருகே நிற்கிறார். லுலு வந்து காசு கொடுக்கிறாள், குடிக்க ஊற்றிக் கொடுக்கிறாள், சிரிக்கிறாள். பெரியவர் முகம் மலர்ந்துபோகிறது. அந்த நேரம் கதவு மணி அடிக்கிறது. அழுக்குக் கோட்டோடு இன்னொரு கிழவர், லுலுவின் பழைய வாழ்க்கையிலிருந்து வந்தவர். அவரைக் கண்டதும் அதே சந்தோஷம், அதே சிரிப்போடு பாய்ந்து கட்டிக்கொள்கிறாள். மீட்டர்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாடிய முகத்தோடு கிளம்புகிறார். இரண்டு சிரிப்பும் பொய் இல்லை. யாரையும் மயக்கத் திட்டம் போடாத, யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒருத்தி. படம் முழுவதும் நடக்கப்போவது இந்தச் சில நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. அக்கால நடிகைகளில் பலர் இதே வேடத்தில் கண்ணை உருட்டியிருப்பார்கள், புகையை ஊதியிருப்பார்கள். லூயிஸ் ஒரு நொடிகூட மோகினி வேடம் போடவில்லை.

பாப்ஸ்ட் வேலை வாங்கிய விதத்தை லூயிஸ் பிற்காலக் கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். லுலுவை மணக்கும் டாக்டர் ஷோனாக நடித்த ஃபிரிட்ஸ் கோர்ட்னருக்கு இவரைக் கண்டாலே ஆகாது, காட்சி முடிந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். பாப்ஸ்ட் அந்த வெறுப்பை அப்படியே கதைக்குப் பயன்படுத்தினார். லுலுவைப் பிடித்து உலுக்கும் காட்சியில் கோர்ட்னரின் பத்து விரலும் லூயிஸின் கையில் கன்றிப் பதிந்தன. லுலுவைக் காதலிக்கும் கவுன்டஸ் கெஷ்விட்ஸாக நடித்த ஆலிஸ் ராபர்ட்ஸ், ஒரு பெண்ணைக் காதலோடு பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். பாப்ஸ்ட் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து நடி என்றார். திரையில் லுலுவின் மேல் விழும் அந்த ஏக்கப் பார்வை உண்மையில் இயக்குநர் மேல் விழுந்த பார்வை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது உடை பற்றி அவர் எழுதியது. கடைசிக் காட்சியில் லுலு பரம ஏழை. அதற்கு பாப்ஸ்ட் தேர்ந்தெடுத்தது லூயிஸ் சொந்தமாக ஆசையோடு வைத்திருந்த உடையை. மறுநாள் வந்து பார்த்தால் அது கிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் அப்பிக் கிடக்கிறது. லூயிஸ் அழுதுவிட்டார். அதை மாட்டிக்கொண்டு செட்டுக்குள் போனபோது, உடையைப் போலவே தானும் சீரழிந்துபோனதாக உணர்ந்தேன் என்று எழுதுகிறார். இது கொடுமை. அந்தக் காட்சி திரையில் அவ்வளவு நிஜமாக இருப்பதற்கு அதுவும் காரணம். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

1929 பிப்ரவரியில் பெர்லினில் படம் வெளியானது. வரவேற்பு மோசம். இந்தப் பெண் நடிக்கவே இல்லை, சும்மா இருக்கிறாள் என்ற ரீதியில் விமர்சனம் வந்தது. தணிக்கைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். ஒரு பிரதியில் கவுன்டஸ் வெறும் பால்ய சிநேகிதி ஆனாள். இன்னொன்றில் ஜாக் தி ரிப்பரே கிடையாது, லுலு சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் சேர்வதோடு சுபம்.

இப்போது குரல் கதை பிறந்த இடத்துக்கு வருவோம். பெர்லின் கிளம்பும் முன் லூயிஸ் பாரமவுண்டுக்காக 'தி கேனரி மர்டர் கேஸ்' படத்தை மௌனப் படமாக முடித்துக் கொடுத்திருந்தார். அதைப் பேசும் படமாக மாற்ற ஸ்டூடியோ முடிவெடுத்து, அவரை வந்து குரல் கொடுக்கச் சொன்னது. மறுத்தார். பணத்தை ஏற்றிச் சொன்னார்கள், மறுபடி மறுத்தார். கடைசியில் மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நடிகையை வைத்து வசனம் பேசவைத்தார்கள். உன்னிப்பாகப் பார்த்தால் உதடும் சொல்லும் பல இடங்களில் ஒட்டாது. ஏன் வேறு குரல் என்று யாராவது கேட்பார்களே? லூயிஸ் புரூக்ஸின் குரல் பேசும் படத்துக்கு ஒத்துவரவில்லை என்ற பேச்சு பாரமவுண்டிலிருந்தே கிளம்பியது. ஒரு நடிகையை ஊர் முழுக்க வேலைக்கு எடுக்காமல் செய்ய அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அவர் திரும்பவும் ஐரோப்பா போனார். 1929இல் பாப்ஸ்டுடன் 'ஒரு தொலைந்த பெண்ணின் நாட்குறிப்பு', 1930இல் பிரான்சில் அகஸ்தோ ஜெனினாவின் 'பிரி தெ போத்தே'. இரண்டாவது படம் பிரெஞ்சில் பேசுவதால் அதிலும் அவருக்கு இரவல் குரல்தான். அதன் முடிவு மறக்க முடியாதது. அழகிப் போட்டியில் ஜெயித்த நாயகி ஒரு திரையிடல் அறையில் உட்கார்ந்து தன்னுடைய பேசும் பட ஒத்திகையைப் பார்க்கிறாள். பொறாமைக்காரக் கணவன் சுட்டுவிடுகிறான். அவள் இங்கே செத்துக் கிடக்க, திரையில் அவளே பாடிக்கொண்டிருக்கிறாள்.

உன் வாழ்க்கையும் லுலுவின் வாழ்க்கை மாதிரியேதான் போகிறது, அவள் மாதிரியே முடியப்போகிறது என்று பாப்ஸ்ட் ஒருநாள் அவரை எச்சரித்தாராம். ஹாலிவுட் திரும்பியதும் நடந்தவை ஏறக்குறைய அப்படித்தான். 1931இல் சின்னச் சின்ன வேடங்கள். ஒரு நடிகையின் மரணம் தொடர்பான வழக்கில் விடுதலையாகியும் பெயர் கெட்டு, வேறு பெயரில் படம் இயக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படம் அதில் ஒன்று. 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஒரு வேடத்துக்கு வெல்மன் கூப்பிட்டார். இவர் போகவில்லை, அது ஜீன் ஹார்லோவுக்குப் போனது. இங்கே லூயிஸின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். குடி இருந்தது, சொன்ன நேரத்துக்கு வராத பழக்கம் இருந்தது, ஹாலிவுட் மேல் வெறுப்பை மறைக்கத் தெரியாத பிடிவாதம் இருந்தது. ஸ்டூடியோ மூடிய கதவுகள் சில, அவரே மூடிய கதவுகள் சில. 1932இல் திவால். 1938இல் ஜான் வெய்னோடு ஒரு குதிரைவீரர் படம். தலைமுடி நீளமாக, நெற்றி தெரிய வரும் அவரை அடையாளமே கண்டுபிடிக்க முடியாது. அதோடு நடிப்பு முடிந்தது. அப்போது வயது 31.

1940இல் சொந்த ஊர்ப் பக்கம், விச்சிட்டாவுக்குப் போய் நடனப் பள்ளி வைத்தார், ஓடவில்லை. 1943இல் மறுபடி நியூயார்க். வானொலி நாடகத்தில் கொஞ்சம், விளம்பர வேலையில் கொஞ்சம். பிறகு சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைப் பெண்ணாக இரண்டு வருடம் நின்றார். சுயசரிதை ஒன்று எழுதி, அதைத் தன் கையாலேயே எரிக்கவும் செய்தார். தூக்க மாத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை என்று பின்னால் சொன்னார்.

மீட்டவர்கள் படச்சுருள்களைக் காப்பாற்றும் வேலையில் இருந்தவர்கள். 1955இல் பாரிஸில் சினிமாவின் 60 ஆண்டுகளைக் கொண்டாடிய கண்காட்சிக்கு, பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்றி லாங்லுவா பொறுப்பு. வாசலில் லூயிஸின் படத்தைப் பிரம்மாண்டமாக வைத்தார். கார்போ, டீட்ரிச் எல்லாம் இருக்க இந்தப் பெண் ஏன் என்று கேட்டவர்களிடம், கார்போ கிடையாது, டீட்ரிச் கிடையாது, லூயிஸ் புரூக்ஸ் மட்டும்தான் என்று உரக்கச் சொன்னார். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸின் திரைப்படக் காப்பாளர் ஜேம்ஸ் கார்டு, நியூயார்க்கில் ஒதுங்கிக் கிடந்தவரைத் தேடிப் பிடித்தார். 1956இல் லூயிஸ் ராச்செஸ்டருக்கே குடிபோனார். அங்கே பழைய படங்களைப் போட்டுப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார்.

அந்த எழுத்தை நான் அவர் நடிப்புக்குச் சமமாக மதிக்கிறேன். 1959இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையில் லிலியன் கிஷ், கிரெட்டா கார்போ பற்றி எழுதினார். மேலே பார்த்தால் இரண்டு நடிகைகளைப் பற்றிய கட்டுரை. உள்ளே இருப்பது முதலாளிகள் நட்சத்திரங்கள் மேல் நடத்திய போர். கிஷ் போன்ற பெரிய சம்பளக்காரர்களின் மவுசைக் குறைப்பதில் ஸ்டூடியோவுக்கு என்ன லாபம், பத்திரிகைகள் அதற்கு எப்படி ஒத்து ஊதின, ஒலி வந்தது எப்படி வசதியாகப் போனது என்று வரிசையாக எடுத்து வைக்கிறார். அந்த அறைக்குள் நின்று, 750 டாலர் பேச்சைக் காதால் கேட்டவர் எழுதியது அது. மௌன நட்சத்திரங்கள் கீச்சுக் குரலால் ஒழிந்தார்கள் என்ற நம்பிக்கையை 1952இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதை வரலாறாக எடுத்துக்கொண்டால் லூயிஸுக்கு நடந்தது புரியவே புரியாது.

1979இல் பிரிட்டிஷ் விமர்சகர் கென்னத் டைனன் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரை அவரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது. 1982இல் கட்டுரைகள் 'லுலு இன் ஹாலிவுட்' என்ற புத்தகமாக வந்தன. மூட்டுவலியும் நுரையீரல் நோயும் அவரைப் படுக்கையோடு வைத்திருந்த காலம் அது. 1985 ஆகஸ்ட் 8 அன்று ராச்செஸ்டரில் இறந்தார், வயது 78.

மொத்தம் நடித்தது 24 படம். அதில் பல இன்று இல்லை. அமெரிக்காவில் எடுத்த மௌன முழுநீளப் படங்கள் ஏறக்குறைய 11,000இல் முழுமையாக, வெளியான வடிவத்திலேயே பிழைத்தவை 14 சதவீதம்தான் என்று 2013இல் அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலப் படங்கள் பதிவான நைட்ரேட் சுருள் தானாகவே மக்கும், சுலபமாகத் தீப்பிடிக்கும். பேசும் படம் வந்தபின் இவற்றால் காசு வராது என்று ஸ்டூடியோக்களே அழித்தவையும் ஏராளம். இவர் நடித்த 'நவ் வீ ஆர் இன் தி ஏர்' படத்தின் ஒரு பகுதி பிராக் நகரத்தில் கிடைத்து, 2017இல் சீராக்கித் திரையிடப்பட்டது. இன்னும் ஏதாவது ஒரு பழைய பெட்டிக்குள் இருக்கலாம் என்று நம்பத்தான் தோன்றுகிறது.

பார்க்க ஆசைப்பட்டால் 'பண்டோராவின் பெட்டி'யிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் வெட்டிச் சுருக்கிய பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடும் சீராக்கிய பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். அடுத்தது 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'. அது முடிந்ததும் 1931இல் வந்த 'காட்ஸ் கிஃப்ட் டு விமன்' படத்தில் அவர் வரும் பகுதியை மட்டுமாவது பாருங்கள். படம் சுமார்தான், வேடமும் சின்னது. ஆனால் அதில் பேசுவது அவரேதான். தெளிவான உச்சரிப்பு, கேட்க இதமான குரல். ஐந்து நிமிடம் கேட்டால் போதும், பாரமவுண்ட் சொன்னது பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.